நீலப் பம்பு ஏன் கேட்க மாட்டேங்குது?



சென்ற மாதம் எங்கள் காலை நிகழ்ச்சியில் ஆஸ்துமாவைப் பற்றிப் பேசினோம். மருத்துவர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். தொலைபேசி வரிசையில் கிள்ளானிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் காத்திருந்தார். குரலை வைத்துப் பார்த்தால் ஐம்பது வயதைத் தாண்டியவர்.

“தங்கச்சி, ஒரு சந்தேகம்மா. முன்னெல்லாம் நீலப் பம்பு ரெண்டு தடவ அடிச்சாப் போதும், நெஞ்சு திறந்துக்கும். இப்ப ஆறு தடவ அடிச்சாலும் கேட்க மாட்டேங்குது. மருந்துல வீரியத்தக் குறைச்சிட்டாங்களா?”

“மாசத்துக்கு எத்தன பம்பு அண்ணே முடிக்கிறீங்க?”

“ஒண்ணு பத்தலம்மா. சில மாசம் ரெண்டு.”

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மருத்துவரின் முகம் மாறியது. “ஐயா, தள்ளிப் போடாதீங்க, இன்னைக்கே போய் டாக்டரைப் பாருங்க” என்றுதான் அவர் முதலில் சொன்னார். காரணத்தை விளக்கத் தொடங்கியபோது செய்தி நேரம் வந்துவிட்டது. வானொலியில் செய்தி யாருக்காகவும் காத்திருக்காது.

நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த குறுந்தகவல்களைப் பார்த்தால், அதே சந்தேகம் வேறு சிலருக்கும் இருந்தது. ஒருவர் கடையை மாற்றியிருக்கிறார். இன்னொருவர் வேறு கம்பெனி இன்ஹேலர் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடப் பதில் போதாது என்பதால் இந்த வாரப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, படித்தது ஊடகத்துறை. ஆனால் இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க, என் தொழிலுக்கு மிக நெருக்கமான ஒன்றைப் படிப்பது போலவே இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மருந்துக்கு முகவரி தெரியாது

நாம் எல்லாரும் மனத்துக்குள் ஒரு படம் வைத்திருக்கிறோம். மாத்திரையை விழுங்குகிறோம், அது நோய் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது, அங்கே வேலையை முடிக்கிறது. அஞ்சல்காரர் வீட்டு எண் பார்த்துக் கடிதம் போடுவது போல.

உண்மையில் மருந்துக்கு எந்த முகவரியும் தெரியாது. இரத்தத்தில் கலந்தபின் அது போகக்கூடிய இடத்துக்கெல்லாம் போகிறது. இதயம், கல்லீரல், தசை, சிறுநீரகம் என்று எங்கும் சுற்றுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் அது வேலை செய்வதில்லை.

இங்கேதான் எனக்கு வானொலி நினைவுக்கு வருகிறது. நான் ஒலிவாங்கி முன் பேசும்போது, அலைகள் வீட்டுக்குள்ளும் போகின்றன, மாமாக் கடைக்குள்ளும் போகின்றன, ரப்பர்த் தோட்டத்துக்கு மேலாகவும் போகின்றன. ஆனால் என் குரல் கேட்பது எங்கே? அந்த அலைவரிசையில் திருப்பி வைத்த வானொலிப் பெட்டி இருக்கும் இடத்தில் மட்டும்தான். பெட்டி இல்லாத இடத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் ஒன்றும் நடக்காது.

நம் உடலின் உயிரணுக்களில் இப்படிப்பட்ட ‘பெட்டிகள்’ இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழில் ஏற்பி என்று பெயர். ஏற்பி என்பது ஒரு புரதம். பெரும்பாலானவை உயிரணுவின் வெளிச்சுவரில் பதிந்திருக்கும். குறிப்பிட்ட வடிவமுள்ள மூலக்கூறு வந்து அதில் பொருந்தும்போது, அந்தச் செய்தி உயிரணுவுக்குள்ளே போகிறது. அதைக் கேட்டு உயிரணு தன் வேலையை மாற்றிக்கொள்கிறது.

எல்லா மருந்தும் இப்படி வேலை செய்வதில்லை. நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் வயிற்று அமிலத்தை நேரடியாகவே முறிக்கின்றன. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் கிருமியைத் தாக்குகின்றன. ஆனால் ஆஸ்துமா, இரத்த அழுத்தம், ஒவ்வாமை என்று நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் மருந்துகளில் ஏராளமானவை ஏற்பிகள் வழியாகத்தான் பேசுகின்றன.

கோழித் தசையில் கிடைத்த துப்பு

இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பதை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் ஊகித்துவிட்டார். அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜான் லாங்லி.

1905இல் அவர் வெளியிட்ட ஆய்வு கோழியின் தசையைப் பற்றியது. நிக்கோட்டினைச் செலுத்தினால் தசை சுருங்குகிறது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பை வெட்டி, அது முழுவதும் செயலிழந்த பிறகும் நிக்கோட்டின் தசையைச் சுருக்குகிறது. அப்படியானால் நிக்கோட்டின் நரம்போடு பேசவில்லை. அடுத்து, அம்பு முனையில் தடவும் கியூராரே என்ற நஞ்சைக் கொடுத்தால் நிக்கோட்டின் வேலை செய்வது தடைபடுகிறது. ஆனால் தசையை மின்சாரத்தால் தூண்டினால் அது சுருங்குகிறது. ஆக, தசை கெட்டுப்போகவில்லை. நிக்கோட்டினும் கியூராரேயும் ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகின்றன. தசையில் அவற்றை ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்க வேண்டும் என்றார் லாங்லி.

அந்த ஓர் ஆய்வுக்குள் இன்றைய மருந்தியலின் இரண்டு பெரிய வகைகளும் இருக்கின்றன. ஏற்பியில் பொருந்தி அதை இயக்கும் பொருள் ஒன்று. ஏற்பியில் பொருந்தி, இயக்காமல் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பொருள் இன்னொன்று. முன்னது தூண்டி, பின்னது தடுப்பான்.

மூக்கொழுகலுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை இரண்டாம் வகை. ஒவ்வாமை வரும்போது உடலில் ஹிஸ்டமின் சுரந்து, தன் ஏற்பிகள் வழியாகத் தும்மலையும் மூக்கொழுகலையும் உண்டாக்குகிறது. மாத்திரை முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அதே ஏற்பிகள் மூளையிலும் இருக்கின்றன. அங்கே அவை நம்மை விழித்திருக்க வைக்கின்றன. மருந்துக்குத்தான் மூக்கு எது, மூளை எது என்று தெரியாதே. அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நமக்குத் தூக்கம் வருகிறது.

சிங்கப்பூரில் பாடம் எடுத்த டாக்டர் பிளேக்

அடுத்த புதிர் அட்ரினலின். பயந்தால், ஓடினால், கோபப்பட்டால் நம் உடலில் சுரக்கும் ஹார்மோன். ஒரே பொருள் இரத்தக் குழாய்கள் சிலவற்றைச் சுருக்குகிறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது, இதயத்தை வேகமாக்குகிறது. ஒரே அறிவிப்பாளர் பேச, ஒரு வீட்டில் அழுகையும் அடுத்த வீட்டில் சிரிப்பும் வருவதைப் போல.

1948இல் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட் இதற்கு விடை சொன்னார். அட்ரினலின் ஒன்றுதான், அதைக் கேட்கும் ஏற்பிகள்தான் வேறு. அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார். அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய ஆய்விதழ் ஏற்கவில்லை. வேறோர் இதழில்தான் வெளிவந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு.

கண்டுகொண்டவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளேக். நமக்கும் அவருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1947 முதல் 1950 வரை அவர் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது மலாயாவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போனவர்களில் பலர் அங்கேதான் போனார்கள். பின்னாளில் பிரிட்டன் திரும்பி, இதயத்தின் பீட்டா ஏற்பிகளை மூடினால் நெஞ்சுவலிக்காரர்களின் இதயத்துக்குச் சுமை குறையுமே என்று யோசித்தார். 1960களின் நடுவில் புரோபிரனலால் என்ற மருந்து வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1967இல் பீட்டா ஏற்பியே இரண்டு வகை என்று தெரிந்தது. இதயத்தில் பெரும்பாலும் இருப்பது பீட்டா-1. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் இருப்பது பீட்டா-2. அதற்கு முன்னர் ஆஸ்துமாவுக்கு இழுத்த மருந்துகள் இரண்டையும் சேர்த்தே தூண்டியதால், மூச்சு திறந்தாலும் இதயம் தறிகெட்டு ஓடியது. இதயத்தை அதிகம் தூண்டாமல் மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து வேண்டும் என்று இங்கிலாந்தில் டேவிட் ஜாக் தலைமையிலான குழு முயன்றது. 1966இல் கிடைத்தது சல்பூட்டமால். 1969இல் விற்பனைக்கு வந்தது. நம் ஊரில் எல்லாரும் வெண்டோலின் என்று சொல்லும் நீலப் பம்பில் இருப்பது அதுதான்.

ஓர் அடியில் நடப்பது

நீலப் பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். சல்பூட்டமால் மாத்திரையாகவும் உண்டு. 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது இருபது அடிக்குச் சமமான மருந்து. ஏன் இவ்வளவு வித்தியாசம்? மாத்திரை உடல் முழுதும் சுற்றித்தான் நுரையீரலுக்குப் போக வேண்டும். இன்ஹேலர் மருந்தை நேரே மூச்சுக்குழாயிலேயே கொண்டுபோய்ப் போடுகிறது. மருந்துக்கு முகவரி தெரியாததால், அதைக் கையில் பிடித்து வாசலில் விட்டுவிட்டு வருவதற்காகத்தான் இந்தக் குழாய்.

அங்கே அது பீட்டா-2 ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி ஒரு நீளமான புரத இழை. உயிரணுவின் சுவரை ஏழு முறை உள்ளும் வெளியுமாகத் தைத்தது போல இருக்கும். வெளிப்பக்கம் மருந்து உட்கார்ந்ததும் உள்பக்கம் அதன் வடிவம் சற்று மாறுகிறது. அந்த மாற்றத்தை உள்ளே இருக்கும் ஜி-புரதம் உணர்கிறது. அது ஒரு நொதியை எழுப்ப, நொதி ‘சைக்ளிக் ஏ.எம்.பி.’ என்ற சிறிய மூலக்கூறுகளை நிறைய உண்டாக்குகிறது. அவைதான் உள்ளே செய்தி கொண்டுபோகும் ஆட்கள். செய்தி இதுதான்: தசையே, பிடியைத் தளர்த்து. ஒரு மூலக்கூறு வெளியே மெதுவாகச் சொன்னது, உள்ளே ஒலிபெருக்கி வைத்தது போலப் பெருகிவிடுகிறது. சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் விரிகிறது. நான்கு முதல் ஆறு மணி நேரம் அது நீடிக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். சல்பூட்டமால் உயிரணுவுக்குள் நுழையவே இல்லை. தசையைத் தளர்த்தியது உயிரணு. மருந்து சொன்னது மட்டும்தான். செய்தது நம் உடல்.

பம்பு அடித்த பிறகு சிலருக்குக் கை நடுங்கும். நெஞ்சு படபடக்கும். ‘மருந்து சூடு’ என்று வீட்டில் சொல்வார்கள். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. கைத் தசைகளிலும் பீட்டா-2 ஏற்பிகள் இருக்கின்றன. இதயத்திலும் கொஞ்சம் இருக்கின்றன. இரத்தத்தில் கலந்த சிறிதளவு மருந்து அங்கேயும் பேசிவிட்டது. பக்க விளைவு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான்: அதே செய்தி, வேறு வீட்டில் கேட்டது.

கண்ணுக்கு விட்ட சொட்டு, நெஞ்சை அடைத்தது

இந்தக் கணக்கு தெரியாவிட்டால் ஆபத்தும் உண்டு. பீட்டா-2ஐத் தூண்டினால் மூச்சுக்குழாய் விரியும் என்றால், அதை மூடினால் என்ன ஆகும்? ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு அடைக்கும்.

புரோபிரனலால் பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் மூடும் மருந்து. மேடை ஏறும்போது வரும் படபடப்புக்கு அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. என் தொழிலில் இது ஒன்றும் இரகசியம் இல்லை. நிகழ்ச்சிக்கு முன் ஒருவர் தம் கைப்பையிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் மாத்திரை அது. வாங்கிக்கொள்பவருக்கு ஆஸ்துமா இருந்தால், மேடைக்குப் பதில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது நீலப் பம்பை அடித்தாலும் அது சரியாகப் பலன் தராது. பேச வேண்டிய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

இதைவிட வியப்பானது கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டும் பீட்டா ஏற்பிகளை மூடும் வகைதான். கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர் போகும் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு இதனால் கடுமையான மூச்சுத்திணறல் வந்திருக்கிறது, உயிரிழப்பும் நடந்திருக்கிறது. ஆகவே கண் டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், “எனக்கு ஆஸ்துமா இருக்கு” என்று முதலில் சொல்லுங்கள். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குத் தோன்றலாம். மருந்துக்கு அப்படித் தோன்றாது.

காதைப் பொத்திக்கொள்ளும் உயிரணு

இப்போது கிள்ளான் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பம்பில் வீரியம் குறையவில்லை. அப்படியானால் குறைந்தது எது?

இந்த இடத்தில் என் வானொலி உவமை உடைகிறது. வானொலிப் பெட்டி எவ்வளவு நேரம் பாடினாலும் தானாக ஒலியைக் குறைத்துக்கொள்ளாது. உயிரணு குறைத்துக்கொள்ளும். ஓயாமல் கத்துகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் நாம் காதைப் பொத்திக்கொள்வோம் அல்லவா, அதைத்தான் அதுவும் செய்கிறது.

இதைக் கண்டறிந்ததில் பெரும்பங்கு ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவருடையது. ஏற்பி என்பது வெறும் கற்பனை வசதி என்று பலர் நினைத்திருந்த 1968இல், ஹார்மோனில் கதிரியக்க அயோடினை இணைத்து, அது எங்கே போய் ஒட்டுகிறது என்று தேடத் தொடங்கினார். 1986இல் அவர் குழு பீட்டா-2 ஏற்பியின் மரபணுவைப் பிரித்தெடுத்தது. அந்தக் குழுவில் இருந்த பிரையன் கோபில்கா, 2011இல் பீட்டா-2 ஏற்பி செய்தியை உள்ளே கடத்தும் அந்தக் கணத்தையே படமாக்கினார். 2012இல் இருவருக்கும் வேதியியலுக்கான நோபல் கிடைத்தது. லாங்லியின் ஊகத்துக்கு 107 ஆண்டுகள் கழித்து.

ஏற்பி எப்படித் திறக்கிறது என்பதோடு, எப்படி அடைக்கப்படுகிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஏற்பி தொடர்ந்து தூண்டப்பட்டால், சில நிமிடங்களிலேயே உயிரணு அதற்கு ஒரு குறி போடுகிறது. அரெஸ்டின் என்ற புரதம் வந்து அந்தக் குறியைப் பிடித்து, ஜி-புரதத்தை நெருங்க விடாமல் மறைக்கிறது. பிறகு அந்த ஏற்பியே உயிரணுவுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. சத்தம் ஓய்ந்தால் மறுபடியும் வெளியே வரும். நாள்கணக்கில் ஓயாவிட்டால் உள்ளேயே சிதைக்கப்படும். புதிதாகச் செய்வதும் குறையும்.

நீலப் பம்பை ஓரிரு வாரம் அன்றாடம் தொடர்ந்து அடித்தாலே இந்த விளைவு தொடங்குகிறது. மருந்து தரும் விரிவு குறைகிறது. அதைவிட மோசம், தூசு, புகை, குளிர்காற்று பட்டால் மூச்சுக்குழாய் முன்னைவிட எளிதாகச் சுருங்குகிறது. அதனால் இன்னும் அடிக்கிறோம். அதனால் ஏற்பி இன்னும் குறைகிறது.

இது பாதிக் காரணம். மறுபாதி இன்னும் பெரியது. ஆஸ்துமாவில் நடப்பது இரண்டு. ஒன்று, மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது. இன்னொன்று, குழாயின் உள்சுவர் அழற்சியால் வீங்கி, சளி கட்டுவது. நீலப் பம்பு தசையோடு மட்டும்தான் பேசும். வீக்கத்துக்கும் சளிக்கும் அதனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. வலிக்கும் பல்லுக்கு மரப்பு மருந்து தடவியது போல, மேலுக்கு ஆறுதல் கிடைக்கிறது; உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே இருக்கிறது.

நம் ஊர்ப் புகைமூட்டக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவித்தார்கள். 2015, 2019 ஆண்டுகளிலும் பள்ளிகளை மூடினார்கள். அந்த நாள்களில் சுவாசித்த நுண்துகள்கள் செய்வது உள்சுவரைப் புண்ணாக்கும் வேலை. அதை நீலப் பம்பு ஒன்றையே நம்பித் தாண்ட நினைத்தால், பம்பு தீரும், வீக்கம் தீராது.

பிரிட்டனில் 2012க்கும் 2013க்கும் இடைப்பட்ட ஓராண்டில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மருத்துவப் பதிவுகளைத் தேசிய அளவில் எடுத்துப் பார்த்தார்கள். 2014இல் அறிக்கை வந்தது. நிவாரணி இன்ஹேலர் கணக்குத் தெரிந்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஆண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட இன்ஹேலர்களை வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கும் மேல். அந்த அண்ணன் “ஒண்ணு பத்தலம்மா” என்றதும் எங்கள் விருந்தினரின் முகம் ஏன் மாறியது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மெதுவாகப் பேசும் மருந்து

வீக்கத்தோடு பேசுவதற்கு வேறு மருந்து இருக்கிறது. பழுப்பு, ஆரஞ்சு, ஊதா என்று பல நிறங்களில் வரும் தடுப்பு இன்ஹேலர். அதில் இருப்பது ஸ்டெராய்டு.

இதன் ஏற்பி உயிரணுவின் சுவரில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஸ்டெராய்டு சுவரைக் கடந்து போய் அதில் பொருந்துகிறது. இரண்டும் சேர்ந்து உயிரணுவின் உட்கருவுக்குள் நுழைந்து மரபணுக்களைத் தொடுகின்றன. அழற்சியைக் கிளப்பும் மரபணுக்கள் அடங்குகின்றன. புதிய புரதங்கள் செய்யப்பட வேண்டும். பழையவை தீர வேண்டும். அதற்குச் சில நிமிடங்கள் போதாது. நாள்கள், வாரங்கள் ஆகும்.

நம் ஆட்கள் இதை நிறுத்துவதற்குக் காரணமே அதுதான். “அந்த ஊதாப் பம்பு அடிச்சா ஒண்ணுமே தெரியலீங்க” என்பார்கள். உண்மைதான். அடித்த உடனே தெரியாது. அடிக்காமல் விட்ட சில வாரங்களில்தான் தெரியும்.

ஸ்டெராய்டு என்ற சொல்லுக்கே பயப்படுகிறவர்களும் உண்டு. பயத்தில் நியாயம் இருக்கிறது. மாத்திரையாக நீண்ட காலம் சாப்பிட்டால் எலும்பு, சர்க்கரை என்று பல தொல்லைகள் வரும். ஆனால் இன்ஹேலரில் அளவு மைக்ரோகிராம் கணக்கு. அதுவும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அடித்த பிறகு வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினால், வாய்ப்புண்ணும் குரல் கரகரப்பும் குறையும். குரலை வைத்துச் சாப்பிடுகிறவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. அந்த ஸ்டெராய்டு தொடும் மரபணுக்களில் பீட்டா-2 ஏற்பியைச் செய்யும் மரபணுவும் ஒன்று. அதைக் கூடுதலாக வேலை செய்ய வைக்கிறது. அதாவது, தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தால் நீலப் பம்பைக் கேட்கும் காதுகள் திரும்ப வளர உதவி கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் பார்த்துத்தான், ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜீனா அமைப்பு 2019இல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் நீலப் பம்பு மட்டும் போதும் என்று விடக்கூடாது. அழற்சியை அடக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலர்களும் இன்று கிடைக்கின்றன. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்

இன்று மாலை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை நீலப் பம்பு தீர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். கைப்பை, கார், படுக்கைப் பக்கம், பிள்ளையின் பள்ளிப் பை எல்லாவற்றையும் சேர்த்து. ஒரு பம்பில் 200 அடி இருக்கும். ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான இழுப்பு வரும் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் உயிருக்கே அபாயம் கூடுகிறது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். “அப்பப்ப அடிப்பேன் டாக்டர்” என்று சொல்வதைவிட அந்த ஒரு எண் அதிகம் பேசும்.

இதைப் படித்துவிட்டு யாரும் நீலப் பம்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூச்சு முட்டும் நேரத்தில் உயிரைப் பிடித்து வைப்பது அதுதான். கையில் இருக்கட்டும். ஆனால் அது அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், உள்ளே வேறொன்று கவனிக்கப்படாமல் கிடக்கிறது என்று பொருள். அடித்தும் மூச்சு திரும்பவில்லை, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் இன்னொரு அடிக்குக் காத்திருந்து பார்க்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள். உதவி வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து பம்பைத் தொடருங்கள்.

டாக்டரிடம் போகும்போது மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். என் இன்ஹேலரில் அழற்சிக்கு மருந்து இருக்கிறதா? நான் அடிக்கும் முறை சரியா? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளில், கண் சொட்டு உட்பட, மூச்சுக்கு ஆகாதது ஏதாவது உண்டா? கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கேயே அவர் முன்னால் ஒரு முறை அடித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

அடுத்த ஞாயிறு வேறொரு செய்தியோடு சந்திப்போம். அதுவரை நல்ல மூச்சோடு இருங்கள்.